பாம்புக்குக் கட்டில் போடுவதா?

சென்ற ஆண்டு ஆவணி மாதம் ரொறன்ரோவிலிருந்து எமக்கு ஒரு கடிதம் வந்தது. கைத்தொலைபேசி வழியாக வந்ததுதான். எனினும் "அன்புள்ள சேர்" என்று தொடங்கி "இங்ஙனம் தங்கள் பழைய மாணவன்" என்று முடிந்திருந்தமையால் அதனைக் கடிதம் என்றே கொண்டோம். எழுதியவர் இருபது ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் விலங்கியல் பயின்றவர். இப்போது அங்கே குடும்பஸ்தர். அவருடைய மூத்த மகனுக்குப் பதினான்கு வயது. நாய்க்குட்டி வேண்டும், பூனைக்குட்டி வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடிப்பதை யாவரும் அறிவோம். இப்பிள்ளையோ மலைப்பாம்பு வேண்டும் என்று மூன்று மாதமாக அடம்பிடித்தவண்ணம் இருந்தான்.

"வீட்டில் இரண்டு கட்சி, சேர்" என்று எழுதியிருந்தார் தந்தையார். மகன் ஒரு கட்சி. மனைவி மறு கட்சி. அம்மையார் முல்லைத்தீவுப் பக்கத்தவர். "வெங்கிணாந்திக்குப் பயந்து கோழிக்கூட்டைப் பூட்டி வளர்ந்த நாங்கள், இப்ப அதுக்குக் கட்டில் போட்டுப் படுக்க வைக்கிறதோ?" என்பது அவருடைய வாதம். தந்தையார் எக்கட்சியிலும் சேராமல் எம்மிடம் வந்து சேர்ந்தார். நகருக்கு வெளியே ஒருவரிடம் இரண்டு வகைக் குட்டிகள் விற்பனைக்கு உள்ளனவாம். ஒன்று ஆபிரிக்க இனம், மற்றது பர்மிய இனம். "இரண்டும் கையிற் பிடித்தாற் சாதுவாகத்தான் இருக்கின்றன. எது நல்லது, சேர்?" என்று கடிதம் முடிந்தது.

இவ்வினாவிற்குப் பாதி விடையை ரொறன்ரோ மாநகரச் சட்டமே ஏலவே கூறிவிட்டது. வளர்ந்தபின் மூன்று மீற்றருக்கு மேல் நீளும் பாம்பினங்களை அந்நகர எல்லைக்குள் வளர்த்தலாகாது. இதனை ஒரு வரியில் எழுதி நாம் கடமையை முடித்திருக்கலாம். ஆயின் "சட்டம் தடுக்கின்றது" என்ற ஒரு சொல்லோடு பதினான்கு வயதுப் பிள்ளை அமைதியுறுவானா? சட்டத்தின் பின்னே நிற்கும் காரணம் அவனுக்குத் தெரிதல் வேண்டும். அக்காரணத்தை எழுதப் புகுந்தபோது, இது எம் வாசகர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சுவை பயக்கும் எனத் தோன்றிற்று. நம் நாட்டில் மலைப்பாம்பு வனசீவராசிகள் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்ற பிராணி. அதனைப் பிடித்து வீட்டில் வைத்தல் குற்றம். ஆகவே இவ்வாரம் நாம் எழுதுவதைக் கண்டு எவரும் காட்டுப்பக்கம் சாக்கோடு புறப்பட வேண்டா.

முதலிற் பெயர்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். பெரிய குன்றுகூட இல்லாத வன்னியில் வாழும் பாம்பை மலைப்பாம்பு என்பது சற்றே வேடிக்கைதான். அதனாற்போலும் நம்மவர் வெங்கிணாந்தி என்ற பெயரை விடாமற் பிடித்திருக்கின்றனர். பர்மிய மலைப்பாம்பு நம் வெங்கிணாந்திக்கு மிக நெருங்கிய உறவு. 2009ஆம் ஆண்டுவரை இரண்டையும் ஓரினத்தின் இரு பிரிவுகள் என்றே நூல்கள் கூறின. அதன்பின்பே பர்மியது தனியினமாகக் கொள்ளப்பட்டது. ஆகவே முல்லைத்தீவு அம்மையாரின் அச்சம் ஆதாரமற்றதன்று. தம் ஊர்ப் பகைவனின் சகோதரனையே அவர் இனங்கண்டிருக்கின்றார்.

மற்றையது மேற்கு ஆபிரிக்காவிலும் மத்திய ஆபிரிக்காவிலும் புல்வெளிகளில் எலிவளைகளையும் கறையான் புற்றுகளையும் நாடி வாழ்வது. ஆங்கிலேயர் அதனை அரச மலைப்பாம்பு என்பர். அமெரிக்கர் பந்து மலைப்பாம்பு என்பர். அஞ்சினால் அது கடிக்க வருவதில்லை. உடலைப் பந்துபோற் சுருட்டித் தலையை அப்பந்தின் நடுவே ஒளித்துக்கொள்ளும். உருட்டினால் உருளும் என்றுகூடச் சொல்வர். பெயருக்குக் காரணம் அதுவே.

இனி, பையனின் கையில் இரண்டு குட்டிகளையும் வைத்துப் பார்ப்போம். முட்டையிலிருந்து வெளிவரும் பர்மியக் குட்டி ஏறத்தாழ இரண்டடி நீளம். பந்துக் குட்டி ஓரடிக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். இரண்டிற்கும் நஞ்சில்லை. இரண்டிற்கும் உதட்டோரத்தில் வெப்பத்தை உணரும் சிறு குழிகள் உள. இரண்டும் இரையைச் சுற்றி இறுக்கியே கொல்வன. இறுக்கும்போது இரை மூச்சடைத்து இறக்கின்றது என்றே நாம் மாணவராயிருந்த காலத்திற் படித்தோம், கற்பித்தும் வந்தோம். 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு, போவாப் பாம்பு எலியை இறுக்கிய சில நொடிகளிலேயே எலியின் இரத்தவோட்டம் நின்றுபோவதைக் காட்டியது. முந்தித் தவறுவது மூச்சன்று, இரத்தவோட்டமே. பழைய குறிப்புப் புத்தகங்களை வைத்திருக்கும் மாணவர் திருத்திக்கொள்க.

குணம் எப்படி? இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். பருத்தது கொடியது, சிறுத்தது சாது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் பர்மிய மலைப்பாம்பு வளர்ப்போர் நடுவே பொறுமைக்குப் பெயர்பெற்றது. நாம் பேராதனையிற் பயின்ற காலத்தில் தெகிவளை மிருகக்காட்சிச்சாலைக்குச் சென்றிருந்தோம். காப்பாளர் ஒருவர் பெரியதொரு மலைப்பாம்பைத் தோளிற் போட்டுக்கொண்டு வந்து தொட்டுப் பார்க்கும்படி சொன்னார். வழுவழுப்பாய் ஈரமாய் இருக்கும் என எண்ணித் தொட்டோம். உலர்ந்த பனங்குருத்தோலையைத் தடவியதுபோல் இருந்தது. அப்பாம்பு எம்மைத் திரும்பியும் பார்க்கவில்லை. கூட வந்த நண்பர் ஒருவர் மட்டும் கடைசிவரை கைகளைப் பின்னே கட்டிக்கொண்டு நின்றார். இன்று அவர் பெயர்பெற்ற வைத்தியர்.

ஆகவே குணத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் பர்மியது தோற்றுவிடாது. கூச்சமின்மையில் அது ஒரு படி மேலே நிற்கும் என்றுகூடச் சொல்லலாம். பிரச்சினை குணத்தில் இல்லை, வளர்ச்சியில் உள்ளது.

நன்றாக இரை கொடுத்தாற் பர்மியக் குட்டி முதலாண்டு முடிவிலேயே ஆறேழு அடியாகின்றது. மூன்றாண்டிற் பத்தடியைக் கடத்தல் சாதாரணம். வளர்ந்த பெண்பாம்பு பன்னிரண்டு முதற் பதினாறு அடிவரை நீளும். புளோரிடாவில் 2022இல் எடைபார்க்கப்பட்ட ஒரு பெண்பாம்பு 98 கிலோ. வயிற்றில் 122 முட்டைகள். அடுத்த ஆண்டு அங்கே பிடிபட்ட மற்றொன்று 19 அடி. இவை அருமையாகக் காணப்படுபவை என்றே வைத்துக்கொண்டாலும், 12 அடிப் பாம்பு எந்த வீட்டிற்குச் சிறியது? அதற்குக் கண்ணாடித் தொட்டி போதாது. ஓர் அறை வேண்டும். எலி போதாது, முயல் வேண்டும். தூக்குவதற்கு ஒருவர் போதாது. எட்டடியைக் கடந்த பாம்பைத் தனியே நின்று கையாளலாகாது என்பது வளர்ப்போர் தமக்குள் விதித்துக்கொண்ட கட்டுப்பாடு.

உண்ணும் விதமும் வியப்புக்குரியது. பெரிய இரையொன்றை விழுங்கிய பர்மிய மலைப்பாம்பின் இதயம் இரண்டு மூன்று நாட்களுக்குள் நூற்றுக்கு நாற்பது வீதம் பருத்து, சமிபாடு முடிந்ததும் பழைய அளவிற்குச் சுருங்குகின்றது. 2005இல் வெளிவந்த ஆய்வு இது. தாய்மையிலும் அது தனித்தது. முட்டைகளைச் சுற்றிப் படுத்துத் தன் தசைகளைத் துடிக்கச்செய்து வெப்பம் உண்டாக்கி அவற்றைக் காக்கின்றது. குளிர்ந்த இரத்தமுள்ள பிராணி என்று நாம் எழுதிப்போடும் ஒன்று அடைகாக்கும் கோழிபோல் வெப்பம் ஊட்டுவதை 1966இல் நியூயோர்க் விலங்குச்சாலையில் வைத்து அளந்து காட்டினர். பந்து மலைப்பாம்பும் முட்டைகளை இரண்டு மாதமளவும் சுற்றிக் கிடக்கும். ஆனால் துடித்து வெப்பம் ஊட்டுவதில்லை. உயிரியல் மாணவன் ஒருவன் பர்மியதன்மேல் மயங்குவதில் வியப்பில்லை. எமக்கும் அம்மயக்கம் உண்டு.

ஆனால் மயக்கத்திற்கு மறுபக்கம் ஒன்றுண்டு. பாம்பு தன்னை வளர்ப்பவனை நாய்போல் அறிவதில்லை. கையின் வெப்பமும், கையில் ஒட்டிய எலியின் மணமும், அதன் வயிற்றுப் பசியும் ஒருங்கே கூடினால் அது கையென்றும் இரையென்றும் பிரித்துப் பாராது. நாலடிப் பாம்பு அவ்வாறு தவறினால் இரண்டு சொட்டு இரத்தம். மருந்து பூசிவிட்டுச் சிரிக்கலாம். 2009ஆம் ஆண்டு ஆடி மாதம் புளோரிடாவில் ஒரு வீட்டில் நிகழ்ந்ததை நினைத்து எவரும் சிரிக்க இயலாது. எட்டரை அடி நீளமான வளர்ப்புப் பர்மிய மலைப்பாம்பு இரவில் தன் தொட்டியிலிருந்து வெளியேறி, தொட்டிலிற் கிடந்த இரண்டு வயதுப் பெண்குழந்தையை இறுக்கிக் கொன்றது. தொட்டிக்குப் பூட்டுள்ள மூடி இல்லை. அதற்கு ஒரு மாதமளவாக இரையும் இல்லை. வளர்த்த இருவரும் 2011இற் சிறைத்தண்டனை பெற்றனர். எட்டரை அடி என்பதை வாசகர் கவனிக்க. இராட்சதப் பாம்பன்று அது; நன்கு உண்டு வளர்ந்தால் இரண்டு வயதுப் பர்மியப் பாம்பின் அளவுதான்.

இதைப் படிக்கும்போதே பலருக்கு ஓர் எண்ணம் தோன்றும்: "பெரிதானாற் காட்டிற் கொண்டுபோய் விட்டால் என்ன?" அமெரிக்காவிற் பலர் அவ்வாறே எண்ணினர். 1996 தொடங்கிப் பத்தாண்டுகளில் ஏறத்தாழ ஓர் இலட்சம் பர்மிய மலைப்பாம்புகள் அந்நாட்டிற்குள் இறக்குமதியாயின. தொட்டிக்கு அடங்காதவற்றைச் சிலர் இரவோடிரவாகக் காட்டில் விட்டனர். 1992இல் வீசிய அன்ட்ரூ என்ற சூறாவளியிற் பாம்பு வளர்ப்பு நிலையம் ஒன்று சிதைந்து, அதிலிருந்தும் சில தப்பின என்பர். தெற்குப் புளோரிடாவின் எவர்கிளேட்ஸ் என்ற பெருஞ்சதுப்பு நிலம் பர்மாவின் சதுப்பைப் போன்றே வெம்மையும் நீரும் மிக்கது. 2000ஆம் ஆண்டளவில் அவை அங்கே நிலைத்து இனம்பெருக்குகின்றன என்பது உறுதியாயிற்று. 2012இல் வெளியான கணக்கெடுப்பு, பாம்பு நெடுநாள் குடிகொண்ட பகுதிகளில் றக்கூன் என்ற பிராணியைக் காணுதல் நூற்றுக்கு 99 வீதம் குறைந்துவிட்டதைக் காட்டியது. அவ்வாண்டே அமெரிக்க அரசு இப்பாம்பின் இறக்குமதியைத் தடைசெய்தது. பின்னர் 2021இற் புளோரிடா மாநிலம் அதனைச் செல்லப்பிராணியாக வைப்பதையே தடுத்தது. கொடுமை யாதெனில், அதே பர்மிய மலைப்பாம்பு தன் தாயகமான தென்கிழக்காசியாவில் அருகிவருகின்றது. அங்கே அழியும் ஆபத்துக்குள்ளான பிராணிகளின் பட்டியலில் உள்ளது.

இக்கதையில் தமிழர் இருவர் வந்து சேர்கின்றனர். எவர்கிளேட்ஸில் இப்பாம்பு கண்ணெதிரே கிடந்தாலும் புல்லோடு புல்லாய்த் தெரியாது. 2016இல் அங்கே நடந்த பாம்பு பிடிக்கும் போட்டியில் ஆயிரத்திற்கு மேற்பட்டோர் ஒரு மாதம் அலைந்து 106 பாம்புகளையே பிடித்தனர். அடுத்த ஆண்டு தை மாதம் தமிழ்நாட்டுச் செங்கற்பட்டுப் பக்கத்து இருளர் இருவரை, மாசி சடையன், வடிவேல் கோபால் என்போரை, மொழிபெயர்ப்பாளர் துணையோடு புளோரிடாவிற்கு அழைத்தனர். பாம்பு சென்ற தடம், அதன் எச்சம், புல் மடிந்த விதம் ஆகியவற்றைப் பார்த்தே அதன் இருப்பிடத்தைச் சொல்லும் பரம்பரையினர் இருளர். வந்த எட்டு நாட்களுள் அவர்கள் 13 பாம்புகளைப் பிடித்துவிட்டனர். அவற்றுள் ஒன்று, கைவிடப்பட்ட ஏவுகணைத் தளமொன்றின் இடிபாட்டுக்குள் ஒளிந்திருந்த 16 அடிப் பெண்பாம்பு. இவ்விருவருக்கும் இந்திய அரசு 2023இற் பத்மசிறீ விருது வழங்கியது. பட்டம் பெறாத இவ்விரு ஆசிரியரிடம் பட்டதாரிகளாகிய நாம் ஒரு மாதம் பாடங்கேட்கக் கொடுத்துவைக்கவில்லையே என்ற ஏக்கம் எமக்குண்டு.

பர்மியதைப் பற்றி இவ்வளவு எழுதியபின் பந்து மலைப்பாம்பைப் புகழ்ந்துவிட்டு முடிப்போம் என்று வாசகர் எதிர்பார்க்கக்கூடும். புகழத்தக்கதுதான். வளர்ந்தாலும் மூன்று முதல் ஐந்தடி. எடை ஒன்று அல்லது இரண்டு கிலோ. நாலடி நீளமும் இரண்டடி அகலமுமான பெட்டி அதற்குப் போதும். ஒரு பக்கம் 32 பாகை வெப்பம், மறுபக்கம் சற்றுக் குளிர்மை, ஒளிந்துகொள்ள இருள்மூலை, குடிக்க நீர், மூடிக்குப் பூட்டு. ஒன்றிரண்டு கிழமைக்கு ஒருமுறை, உறைகுளிரில் வைத்து எடுத்து இளக்கிய எலி ஒன்று. கையாண்டபின் சவர்க்காரமிட்டுக் கை கழுவுதல் கட்டாயம். ஊர்வனவற்றின் உடலில் வயிற்றோட்டத்தை உண்டாக்கும் கிருமிகள் இருத்தலுண்டு. வீட்டில் ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளை இருந்தால் அந்தப் பாம்பும் வேண்டா என்போம்.

அதன் தாயகத்தில் அதற்குள்ள மதிப்பும் கேட்கத்தக்கது. பெனின் நாட்டில் உவிடா என்னும் நகரில் இப்பாம்புகளுக்கு ஒரு கோயில் உண்டு. இரைதேட வெளியே விடப்பட்ட பாம்பு எவர் வீட்டினுள்ளேனும் புகுந்தால் வீட்டார் அதனை அடிக்காமல் எடுத்துவந்து கோயிலிற் சேர்ப்பர். நைஜீரியாவின் இக்போ மக்களிற் பலர் தற்செயலாக அதனைக் கொன்றுவிட்டால் மனிதருக்குச் செய்வதுபோல் அடக்கஞ் செய்வர். நயினாதீவையும் நாகர்கோவிலையும் உடைய நமக்கு இது புதுமையாகத் தோன்றாது. ஆனால் அதே பிரதேசத்திலிருந்துதான், கானா, தோகோ, பெனின் ஆகிய நாடுகளிலிருந்து, காட்டிற் பிடித்த சினைப்பாம்புகளின் குட்டிகள் பெட்டிபெட்டியாக ஏற்றுமதியாகின்றன. வாங்குவோர், வளர்ப்பிற் பிறந்ததா, காட்டிலிருந்து வந்ததா என்று கேட்டறிதல் வேண்டும். நிறத்தையும் கோலத்தையும் மாற்றி மாற்றி இனங்கலக்கும் வியாபாரமும் பெருகியுள்ளது. ஸ்பைடர் என்று பெயரிட்டு விற்கப்படும் அழகிய வகையொன்றின் தலை பிறவியிலேயே தள்ளாடும். கோலமும் தள்ளாட்டமும் பிரிக்கவியலாதவாறு சேர்ந்தே வருகின்றன. அந்த அழகு எமக்கு வேண்டா.

இன்னும் ஒன்று உண்டு. எமக்கு இதுவே பெரிது. சென்ற் லூயிஸ் விலங்குச்சாலையில் உள்ள பந்து மலைப்பாம்பு ஒன்று 2020ஆம் ஆண்டு ஆடி மாதம் ஏழு முட்டைகள் இட்டது. 1961இல் ஒருவர் அங்கே கொண்டுவந்து கொடுத்த பாம்பு அது. முட்டையிட்டபோது வயது அறுபதுக்கு மேல். பதினைந்து ஆண்டுகளாக ஆண்பாம்பின் முகமே கண்டதில்லை. ஆணில்லாமலே முட்டையிடும் அதிசயத்தை இன்னொரு வாரம் விரித்து எழுதுவோம். இப்போது அந்த வயதை மட்டும் பார்க்க. அது பேர்பெற்ற விதிவிலக்கு. வீட்டில் இருபது, முப்பது ஆண்டு என்பதே வழமை. ஆயின் அதுவே போதாதா? பதினான்கு வயதில் வாங்கினால், பையன் பல்கலைக்கழகம் செல்லும்போது, தொழில்தேடி வேறு நகருக்குப் போகும்போது, மணம் முடிக்கும்போது, தன் முதற் பிள்ளையைத் தூக்கும்போது, ஒவ்வொரு முறையும் "பாம்பு யாரோடு?" என்ற கேள்வி எழும். பர்மியது வீட்டின் பரப்பைக் கேட்கின்றது. பந்து ஒருவனுடைய இளமை முழுவதையும் கேட்கின்றது. இவற்றுள் நாம் பின்னதையே தேர்வோம். இளமையைக் கொடுப்பதற்குப் பிள்ளைகள் உடன்படக்கூடும்; இல்லாத அறையை எவரும் கொடுக்கவியலாது.

இவ்வாறெல்லாம் எழுதி, பந்து மலைப்பாம்பு என்றால் ஆட்சேபமில்லை, ஆனால் கடையில் வாங்க வேண்டா, வளர்க்கவியலாமற் கைவிடுவோர் அங்கே பலர் இருப்பர், அவரிடம் கேட்டு எடுங்கள், அம்மையார் தம் வாயால் "சரி" என்னும்வரை பொறுத்திருங்கள் என்று விடை அனுப்பினோம். பையன் எட்டு மாதம் பொறுத்திருந்தான் என்று பின்னர் அறிந்தோம். மேற்படிப்பிற்காக ஊர்மாறிச் சென்ற இளைஞர் ஒருவரிடமிருந்து ஒன்பது வயதான பெண்பாம்பு ஒன்றைப் பெட்டியோடு இலவசமாகவே பெற்றுக்கொண்டனராம்.

சென்ற கிழமை மீண்டும் ஒரு செய்தி வந்தது. இம்முறை எழுதியவர் தந்தையார் அல்லர். "சேர், ஐஞ்சு கிழமையா அது ஒண்டும் தின்னேல்லை. இவருக்கும் மகனுக்கும் சொன்னால் சிரிக்கினம். விரதமோ, வருத்தமோ? எனக்கு நித்திரை இல்லை" என்று எழுதியிருந்தார் முல்லைத்தீவு அம்மையார். இவ்வினம் மாதக்கணக்கில் உண்ணாதிருத்தல் வழமை என்றும், கிழமைக்கொருமுறை எடை பார்த்து, அது தொடர்ந்து இறங்கினால் மாத்திரம் மிருகவைத்தியரிடம் காட்டுமாறும் விடை எழுதினோம். ஞாயிறு காலையில் எடை வந்தது: 1,430 கிராம். முன்னைய கிழமையினும் ஐந்து கிராம் குறைவு. அடுத்த ஞாயிறும் நிறுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கின்றார்.